அப்பச்சியின் புத்தகம் வந்த வழி: வேர்ல்ட்கேட்டும் ஐ.எல்.எல். இரவலும்

நூலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்த அன்று அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) காலையிலேயே குளித்துத் திருநீறு இட்டுக்கொண்டு தயாராகிவிட்டார்கள். வெளியே பனி. வேட்டிக்கு மேல் என் கணவரின் முழங்கால் வரை வரும் கோட்டு, காலில் பேரனின் பழைய பூட்ஸ். அறுபது வருடமாகத் தேடிய புத்தகம் வந்திருக்கிறதே.

கவுண்டரில் கொடுத்தது ஒரு சின்ன உறை. உள்ளே அஞ்சலட்டை அளவில் இரண்டு பிலிம் தாள். அப்பச்சி ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன ஆத்தா, யாருக்கு எக்ஸ்ரே எடுத்தாக?" என்றார்கள்.

தப்பு என்னுடையது. வேர்ல்ட்கேட் நூற்பட்டியலில் ஒரே தலைப்பில் இரண்டு பதிவுகள் இருந்தன. ஒன்று அச்சுப் புத்தகம், இன்னொன்று அதையே படம்பிடித்த மைக்ரோஃபிஷ். அவசரத்தில் முதலில் கண்ணில் பட்டதைக் கேட்டுவிட்டேன். பி.லிப். படித்து, ஊரில் ஒரு கல்லூரி நூலகத்தில் ஆறு வருடம் புத்தகத்துக்கு ஒன்றாகப் பட்டியல் அட்டை எழுதியவள் செய்யக்கூடிய தப்பா இது! ஆகவே இந்த மதிப்புரையின் முதல் அறிவுரை: பதிவில் ‘வடிவம்’ என்று போட்டிருக்கும் வரியைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் இருப்பது ஒஹாயோவில், கொலம்பஸ் பக்கம். ஊர் காரைக்குடி. அப்பச்சி போன குளிர்காலத்தில் ஆறு மாதம் வந்து தங்கியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஏதோ போட்டியில் பரிசாகக் கிடைத்த ஒரு தமிழ்ப் புத்தகத்தைப் பற்றி அடிக்கடி சொல்வார்கள். 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பர்மாவிலிருந்து நடந்தே வந்த ஒருவர் எழுதியது. எங்கள் ஐயாவும், அதாவது அப்பச்சியின் அப்பாவும், அப்படி நடந்து வந்தவர்கள்தான். ஆனால் வாயைத் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. அதனால் அந்தப் புத்தகம்தான் அப்பச்சிக்கு ஐயா சொல்லாத கதை. யாரோ படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போனவர் போனவர்தான்.

சென்னைப் பழைய புத்தகக் கடைகளில் கேட்டாயிற்று. கடைசியில் வேர்ல்ட்கேட்டில் தேடினேன்.

தெரியாதவர்களுக்காக: வேர்ல்ட்கேட் என்பது ஆயிரக்கணக்கான நூலகங்கள் சேர்ந்து எழுதும் ஒரே நூற்பட்டியல். எந்தப் புத்தகம் எந்த ஊர் நூலகத்தில் இருக்கிறது என்று சொல்லும். 50 கோடிக்கும் மேல் பதிவுகள், அதில் பாதிக்கும் மேல் ஆங்கிலம் அல்லாத மொழிகளில். நடத்துவது ஓ.சி.எல்.சி. என்ற லாப நோக்கில்லாத அமைப்பு. பங்குதாரர் கிடையாது, நூலகங்களே உறுப்பினர்கள். நம் ஊர்க் கூட்டுறவுப் பால் சங்கத்தை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். ஒரு நூலகர் ஒரு புத்தகத்துக்கு ஒழுங்காக ஒரு பதிவு எழுதி ஊற்றினால், அதே புத்தகம் வைத்திருக்கும் மற்ற நூலகங்கள் அதையே மொண்டுகொள்ளலாம். திரும்ப எழுத வேண்டியதில்லை.

ஓ.சி.எல்.சி. 1967-ல் ஒஹாயோ மாநிலத்துக் கல்லூரிகள் 54 சேர்ந்து ஆரம்பித்தது. ஃபிரெட் கில்கர் என்ற நூலகர் தலைமை. 1971 ஆகஸ்ட் 26 அன்று ஒஹாயோ பல்கலைக்கழகத்தின் ஆல்டன் நூலகத்தில் முதன்முதலாகக் கணினி வழியே பட்டியல் போட்டார்கள். அந்த ஒரே நாளில் 133 புத்தகம். அட்டை எழுதிய கைக்குத்தான் இந்த எண்ணின் அருமை தெரியும். கரண்ட் போகாமல், மசி கொட்டாமல், முதல்வர் அறையிலிருந்து கூப்பிடாமல் இருந்த நல்ல நாளில் நான் இருபத்தைந்து முடிப்பேன். அட்டையே வேண்டும் என்ற நூலகங்களுக்கு அட்டையும் அச்சடித்து அனுப்பிவந்தார்கள், மொத்தம் 190 கோடி அட்டைகள். கடைசி அட்டை அச்சானது 2015 அக்டோபர் 1. அந்தச் செய்தியைப் படித்தபோது நான் இந்த ஊருக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஏனோ கொஞ்சம் அழுகை வந்தது.

அவர்களுடைய தலைமையகம் எங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான், டப்ளின் என்ற புறநகரில். நூலக அறிவியல் படித்தவர்கள் ‘டப்ளின் கோர்’ என்று ஒரு மெட்டாடேட்டா (ஒரு நூலைப் பற்றிய விவரங்களைக் குறித்துவைக்கும் முறை) பாடம் மனப்பாடம் செய்திருப்பார்கள். நானும் அயர்லாந்து என்றே நினைத்துப் பரீட்சை எழுதினேன். 1995-ல் இந்த டப்ளினில் நடந்த ஒரு பட்டறையில் பிறந்ததால்தான் அந்தப் பெயர். அப்பச்சியைக் கூட்டிப்போய்க் கட்டடத்தை வெளியிலிருந்து காட்டினேன். அதே வட்டாரத்தில் ஒரு பூங்காவில் ஆள் உயரத்துக்கு 109 சிமெண்ட் சோளக்கதிர்கள் வரிசையாக நிற்கும். கட்டடத்தைவிட அதைத்தான் அப்பச்சி அதிக நேரம் பார்த்தார்கள். "திங்கவா போறாக?" என்பதோடு விமர்சனம் முடிந்தது.

இனி தமிழ்ப் புத்தகம் தேடுகிறவர்களுக்கு உபயோகமான பகுதி.

வேர்ல்ட்கேட்டில் தமிழ் எழுத்திலேயே தட்டச்சு செய்து தேடலாம். புதுப் புத்தகங்கள் பல கிடைக்கும். ஆனால் பழைய புத்தகங்களுக்கு எழுதிய பதிவுகளில் நிறைய ரோமன் எழுத்தில் மட்டுமே இருக்கின்றன. அதுவும் நாம் முகநூலில் எழுதுகிற ரோமன் தமிழ் இல்லை. அமெரிக்க நூலகச் சங்கமும், அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகமும் சேர்ந்து வகுத்த ஒரு அட்டவணை இருக்கிறது. அதில் தமிழின் ஒரு எழுத்துக்கு ரோமனில் ஒரே குறி. சொல்லில் அது எப்படி ஒலித்தாலும் சரி, குறி மாறாது.

‘ச’ வந்தால் ‘எஸ்’ கிடையாது, ஆங்கில ‘சி’ (C). அதனால் சங்கம், சென்னை, செட்டிநாடு எல்லாம் ‘சி’யில் தொடங்கும். ‘சி’க்குப் பக்கத்தில் ‘எச்’சும் கிடையாது. ‘க’ என்றைக்கும் ‘கே’தான், ‘ஜி’ வராது. ‘த’வுக்கும் ‘ட’வுக்கும் ‘டி’ (T) தான், ‘ட’வுக்கு மட்டும் அடியில் ஒரு புள்ளி. ‘டி-எச்’ போட்டால் ஒன்றும் வராது. ‘ழ’வுக்கு ‘எல்’ போட்டு அடிக்கோடு, ‘ள’வுக்கு ‘எல்’ போட்டு அடியில் புள்ளி. ‘ற’வும் ‘ன’வும் அடிக்கோடு வாங்கும். இந்தப் புள்ளி, கோடு எதையும் தேடும்போது போட வேண்டாம், அது பார்த்துக்கொள்ளும். எழுத்து மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

ஒரு உதாரணம். தலைப்பில் காந்தி என்று இருக்கும் ஒரு தமிழ்ப் புத்தகம் வேண்டும். உலகமே எழுதுகிற மாதிரி எழுதினால் அந்தத் தலைப்பு அகப்படாது. கே, ஏ, என், டி, ஐ (kanti). மகாத்மாவின் பெயரைச் சின்னப் பிள்ளை எழுதின மாதிரி இருக்கும். அப்படி எழுதினால்தான் கதவு திறக்கும்.

எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. நம் எழுத்தை நாமே தப்பாக எழுதக் கற்றுக்கொண்டு தேட வேண்டுமா என்று. அப்புறம் ஒன்று உறைத்தது. அந்த அட்டவணை தமிழைத் தப்பாக எழுதவில்லை. தமிழ் எழுத்தை அப்படியே மதித்து, ஒன்றுக்கு ஒன்றாக மாற்றியிருக்கிறது. ரோமனைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு தமிழாக்கிவிடலாம், ஒரு எழுத்து பிசகாது. நாம் கைபேசியில் எழுதுகிற ரோமனில் ‘பல்லி’யா ‘பள்ளி’யா என்று கூடத் தெரியாது. இருந்தாலும் ஒரு சாதாரண வாசகர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? நான் படித்தவள், எனக்கே அரை நாள் ஆனது. நூலகர்கள் நூலகர்களுக்காக எழுதிய பட்டியல் என்பது இந்த இடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு தொல்லை, ஒரே புத்தகத்துக்குப் பல பதிவுகள். ஒருவர் அட்டவணைப்படி எழுதியிருப்பார், ஒருவர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். தொகுப்பாசிரியரை ஒருவர் ஆசிரியராகப் போட்டிருப்பார். இரண்டையும் ஒன்று என்று இயந்திரத்துக்குத் தெரியாது. ஒரு பதிவில் ‘எங்கும் இல்லை’ என்று வந்தால் அடுத்ததையும் பாருங்கள்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. தேடுவதற்குக் காசு இல்லை. இரவல் வாங்கத்தான் உங்கள் ஊர்ப் பொது நூலகத்தின் அட்டை வேண்டும். இங்கே எல்லோரும் ஐ.எல்.எல். என்பார்கள், ஒரு நூலகம் இன்னொரு நூலகத்திடமிருந்து நமக்காக இரவல் வாங்கித் தருவது. நூலகத்தின் தளத்தில் ஒரு படிவம் இருக்கும். வேர்ல்ட்கேட் பதிவில் ஓ.சி.எல்.சி. எண் என்று ஒரு நீள எண் இருக்கும், அதை மறக்காமல் குறித்துக் கொடுங்கள். நாம் தலைப்பை ஒரு விதமாக எழுதி, அவர்கள் இன்னொரு விதமாகப் படித்து, மூன்றாவது புத்தகம் வந்து நிற்காமல் இருக்க அது ஒன்றுதான் காப்பு.

அதன் பிறகு நடப்பது எல்லாம் திரைக்குப் பின்னால். ஓ.சி.எல்.சி. இந்த இரவல் வலையை 1979-லிருந்து நடத்துகிறது. புத்தகம் வைத்திருக்கும் நூலகங்களை எங்கள் ஊர் நூலகர் வரிசைப்படுத்துவார். ஒவ்வொரு உறுப்பினர் நூலகத்துக்கும் ஒரு சங்கேதப் பெயர் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகம் என்றால் சி.ஜி.யு. வரிசையில் முதல் ஆள் சில நாளில் பதில் சொல்லாவிட்டால் கேள்வி தானாக அடுத்தவருக்குப் போய்விடும். கட்டணம் கேட்கிற நூலகமும் உண்டு; அதை ஓ.சி.எல்.சி. கணக்கிலேயே நூலகங்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளலாம், தனியாகக் காசோலை எழுத வேண்டியதில்லை. என்னிடம் ஒரு சென்ட் வாங்கவில்லை. இரண்டாவது தடவை அச்சுப் புத்தகமே வேண்டும் என்று கேட்டபோது, எங்களுக்கு முதல் இரண்டு நூலகங்கள் மறுத்துவிட்டன. ஒன்றில் வெளியே அனுப்பும் வழக்கம் இல்லை, இன்னொன்றில் அலமாரியில் தேடிக் காணவில்லை. மூன்றாவது சரி என்றது. பதினாறு நாளில் வந்துவிட்டது. நடுவில் நூலகர் என்னைக் கூப்பிட்டு, தலைப்பை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னது தமிழ் மாதிரியும் இல்லை, ஆங்கிலம் மாதிரியும் இல்லை. ஆனாலும் கேட்டாரே.

இந்த முறை அப்பச்சி அவசரப்படவில்லை. "எக்ஸ்ரேயா என்னான்னு மொதல்ல பாத்துட்டு வா" என்றார்கள். புத்தகம்தான். பச்சைநிறத் துணி பைண்டிங், முதுகில் வெள்ளை மையில் எண், அட்டையைச் சுற்றி ‘இதைக் கழற்றாதீர்கள்’ என்று ஒரு காகிதப் பட்டை. முன்பக்கத்தில் இருந்த படம் பைண்டிங்கில் போய்விட்டது. அதில் ஒரு காட்டு வழியும் வரிசையாக மனிதர்களும் இருக்குமாம். அது இல்லை என்றதும் அப்பச்சியின் முகம் சற்று விழுந்தது. உள்ளே 1963, விலை இரண்டரை ரூபாய். தலைப்புப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் யாரோ ரோமனில் தலைப்பை எழுதியிருந்தார்கள், பொடி எழுத்தில், ஒவ்வொரு புள்ளியும் கோடும் ஒழுங்காக இட்டு. அந்தக் கையெழுத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ‘ழ’வுக்கு அடிக்கோடு போட்டு வைத்த அந்தக் கைக்கு யார் நன்றி சொன்னார்கள்? பின்னட்டையில் தேதித் தாள். கடைசி முத்திரை 1991.

ஒஹாயோவுக்குப் பக்கத்து மாநிலம் ஒன்றின் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் புத்தகம் எப்படி வந்தது என்று அப்பச்சி கேட்டார்கள். அந்தக் காலத்து அமெரிக்க நூலகங்களில் தமிழ் நூல்கள் குவிந்ததற்குப் பெரிய காரணம் பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டம். அதன்படி இந்தியா அமெரிக்கக் கோதுமை வாங்கிவிட்டு விலையை ரூபாயில் கொடுத்தது. அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு காங்கிரஸ் நூலகம் 1962-லிருந்து டெல்லியில் அலுவலகம் வைத்து, இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. அப்பச்சிக்கு அந்தக் கோதுமை நன்றாக நினைவிருக்கிறது. ரேஷனில் வாங்கி, எங்கள் அப்பத்தா அதை என்ன செய்வதென்று தெரியாமல் கஞ்சி காய்ச்சினார்களாம். "நாங்க கோதுமையத் தின்னோம், அவுக புத்தகத்தக் கொண்டாந்துட்டாக. சரியாத்தான் இருக்கு."

மூன்று வாரம் தவணை. லென்ஸ் வைத்து ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம். ஐந்தாம் நாள் சாப்பிடும்போது திடீரென்று, "தையல் மிசினு இல்லையாம்" என்றார்கள். இத்தனை வருடமாக எங்களுக்குச் சொல்லிவந்த கதையில் அந்த மனுஷர் தையல் மெஷினின் தலைப்பாகத்தைத் தோளில் சுமந்து அரக்கான் மலை ஏறுவார். புத்தகத்தில் அது சுவர்க் கடிகாரம். தையல் மெஷின் எங்கிருந்து வந்தது? அப்பச்சி அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள்தான் சொன்னார்கள், ஐயா ஒருமுறை, ஒரே ஒருமுறை, தையல் மெஷினைப் பற்றி ஏதோ சொன்னது போல இருக்கிறது என்று.

இனி குறைகள். லாப நோக்கில்லாத அமைப்பு என்றதும் கும்பிட்டுவிட வேண்டியதில்லை. ஓ.சி.எல்.சி.யின் ஆண்டு வருவாய் 20 கோடி டாலருக்கும் மேல். அதில் பெரும்பகுதி நூலகங்கள் கட்டும் சந்தா. பெரிய பல்கலைக்கழகத்துக்கு அது ஒரு வரி, சின்ன ஊர் நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் வருட பட்ஜெட்டில் கடிக்கும். பாலை ஊற்றியது நாங்கள், எங்கள் பாலை எங்களுக்கே விலைக்கு விற்கிறார்களா என்று நூலகர்கள் பல வருடமாகக் கேட்டுவருகிறார்கள். நியாயமான கேள்வி. நூலகங்கள் தங்களுக்குள் பட்டியல் பதிவுகளைப் பகிர்ந்துகொள்ள கிளாரிவேட் என்ற நிறுவனம் ஒரு தளம் கட்டப் போனபோது ஓ.சி.எல்.சி. 2022-ல் வழக்குப் போட்டது. அதே வருடம் சமரசமாகி அந்தத் தளம் கைவிடப்பட்டது. கிளாரிவேட்டும் தர்ம சத்திரம் இல்லை, அது வேறு கதை. நூலகப் புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி பகுப்பு முறையின் உரிமையும் 1988 முதல் ஓ.சி.எல்.சி.யிடம்தான். நியூயார்க்கில் ஒரு ஓட்டல் தன் மாடிகளுக்கு டூயி எண் வைத்தது என்று 2003-ல் அதன் மேலும் வழக்கு. அதுவும் சமரசமானது. கூட்டுறவுச் சங்கம் என்று நான் சொன்னேனே, அதில் வக்கீல்களும் உறுப்பினர்கள் போலிருக்கிறது.

டூயி என்றதும் நினைவு வருகிறது. ஆங்கில இலக்கியத்துக்கு 820. நமக்கு 894.811. இரண்டாயிரம் வருட இலக்கியத்தைப் புள்ளிக்குப் பின்னால் மூன்று இடம் தள்ளி உட்கார வைத்திருக்கிறார்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் இதையெல்லாம் பார்த்துத்தானோ 1933-ல் தானே ஒரு பகுப்பு முறையைக் கொண்டுவந்தார். நாங்கள் அதையும் படித்தோம், வேலைக்குப் போன இடத்தில் டூயிதான் போட்டோம்.

என் பெரிய குறை வேறு. உறுப்பினர் ஆன நூலகம்தான் பட்டியலில் தெரியும். தமிழ்நாட்டின் ஊர்ப்புற நூலகங்களில் இருப்பது எதுவும் இதில் வராது. ஆகவே சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் ஊரில் அச்சான புத்தகத்தைத் தேடினால், அது பல்லாயிரம் மைல் தள்ளி இருப்பதாக வேர்ல்ட்கேட் சொல்லும். பக்கத்துத் தெருவில் ஒரு பிரதி இருக்கலாம். ‘உலகம்’ என்று பெயர் வைத்ததில் கொஞ்சம் அவசரம் தெரிகிறது.

ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு நான் காட்டும் வழி வேறு. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஊர் கோட்டையூர்க்காரர் சேர்த்தது. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர், சம்பாதித்ததையெல்லாம் பழைய புத்தகமாக மாற்றியவர். அவர் 1992-ல் காலமான பிறகு, 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கியது. நல்ல வேளையாகக் கப்பலில் ஏற்றவில்லை, சென்னையிலேயே வைத்து மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். அந்த நூலகமும் பங்கு வகிக்கும் இன்னொரு உறுப்பினர் கூட்டமைப்புதான் தெற்காசிய ஓப்பன் ஆர்க்கைவ்ஸ். 1949-லிருந்து சிகாகோவில் இருக்கும் ஆராய்ச்சி நூலகங்களின் மையம் என்ற கூட்டமைப்பின் நிழலில் வளர்ந்தது. தமிழ் உட்படப் பல மொழிகளின் பழைய இதழ்கள், அறிக்கைகள், புத்தகங்களை ஸ்கேன் செய்து ஜேஸ்டோர் தளத்தில் யாருக்கும் இலவசமாக வைத்திருக்கிறார்கள். அட்டை வேண்டாம், தவணை வேண்டாம். உறுப்பினர்கள் சந்தா கட்டுகிறார்கள், உறுப்பினர் அல்லாதவர்கள் படிக்கிறார்கள். வேர்ல்ட்கேட்டைவிட எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. ஆனால் அப்பச்சியின் புத்தகம் அதில் இல்லை, அது அலமாரியில்தான் இருந்தது. அதை அங்கிருந்து எடுத்துவர வேர்ல்ட்கேட்தான் வேண்டியிருந்தது.

ஐந்துக்கு எத்தனை என்றால், ஐ.எல்.எல். இரவலுக்கு ஐந்து. வேர்ல்ட்கேட்டுக்குத் தமிழ் வாசகராக மூன்று, பழைய பட்டியல் அட்டைக்காரியாக நாலு.

தவணை முடிவதற்கு இரண்டு நாள் முன்பே அப்பச்சி படித்து முடித்துவிட்டார்கள். நீட்டிக்கக் கேட்கவா என்றேன். "அடுத்தவுக புத்தகம், குடுத்துருவோம்" என்று காகிதப் பட்டையைச் சரிசெய்து, தாமே கவுண்டரில் கொடுத்தார்கள். தேதித் தாளில் முத்திரை குத்துவார்களா என்று நின்று பார்த்தார்கள். இப்போதெல்லாம் குத்துவதில்லை, பார்கோடு.

சித்திரையில் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். போன வாரம் வாட்ஸ்அப்பில் இன்னொரு புத்தகத்தின் பெயர் வந்தது. ‘ச’வில் தொடங்குகிறது.